முதல் காயாக் வாங்கப் போகிறேன், எதில் தொடங்குவது? (முட்டுக்காடு, கோவளம் பக்கம்)

11 ஜனவரி 2025, காலை: வேளச்சேரி வாசகரின் கேள்வி

போன வாரம் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு பாலத்துப் பக்கம் வண்டியை ஓரம் கட்டி நின்றபோது இரண்டு பேர் காயாக்கில் (துடுப்புப் போட்டுப் போகும் ஒல்லியான சின்னப் படகு) போவதைப் பார்த்தோம். அன்றிலிருந்து 9 வயது மகள் பிடித்த பிடியை விடவில்லை. காற்றடிக்கிற வகையில் இருவர் உட்காரும் காயாக் ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். துடுப்பு, பம்ப், இரண்டு லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்தே தருகிறார்கள். எனக்கு நீச்சல் சுமாராக வரும், மனைவிக்குத் தெரியாது. அங்கே ஆழமே கிடையாது, இடுப்பளவுதான் என்கிறார்கள். வாங்கிவிடலாமா? இந்த வெயிலில் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டுமா?

11 ஜனவரி, இரவு

காயாக்கை இப்போது வாங்காதீர்கள். ஜாக்கெட் வாங்குங்கள். மூன்று பேருக்கு மூன்று, அவரவர் மார்பளவுக்கு.

காயாக் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் ஜாக்கெட் வாடகைக்குக் கிடைப்பது அதிர்ஷ்டம். படகோடு இலவசமாக வருவது பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே அளவு. அதாவது யாருக்கும் சரியான அளவு இல்லை. முதல் ஐந்தாறு தடவை வாடகைப் படகில் சொந்த ஜாக்கெட்டோடு போங்கள். அதன்பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் எந்தப் படகு வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

போட்டுப் பார்க்கும் விதம்: எல்லா ஸ்ட்ராப்பையும் இறுக்குங்கள். கையைத் தூக்கிக்கொள்ளுங்கள். இன்னொருவர் பின்னால் நின்று இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுக்கட்டும். ஜாக்கெட் மோவாயைத் தாண்டிக் காது வரை ஏறினால் அது உங்களுக்கு இல்லை. தண்ணீருக்குள் விழுந்த நொடியில் நடப்பதும் இதேதான்: ஜாக்கெட் மேலே போகும், நீங்கள் கீழே போவீர்கள்.

எல்லோருக்கும் 70 நியூட்டன் (ஜாக்கெட்டின் மிதக்கும் சக்திக்கான அளவு) போதும்.

"இடுப்பளவு ஆழம்" பற்றி நாளை எழுதுகிறேன். அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

12 ஜனவரி

2019 பிப்ரவரி. நான் காயாக்கில் ஏறத் தொடங்கி மூன்றாவது மாதம். முட்டுக்காட்டில் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. புழுக்கமாக இருந்ததால் ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்பக்கத்து ரப்பர் கயிற்றில் செருகிவிட்டேன். போன் டிரை பேக்கில் (தண்ணீர் புகாத பை), டிரை பேக் படகில். தண்ணீர் பாட்டில், செருப்பு எல்லாம் படகில். பத்தரை மணிக்குக் கடற்காற்று எழுந்தது. திரும்புவதற்காகப் படகை வளைத்தபோது சிற்றலை ஒன்று பக்கவாட்டில் தட்டியது. அவ்வளவுதான், கவிழ்ந்துவிட்டேன்.

ஆழம் நெஞ்சளவுதான், அது உண்மை. ஆனால் அடியில் தரை இல்லை, சேறு. காலை ஊன்றினால் கெண்டைக்கால் வரை இறங்கியது. ஒரு காலைப் பிடுங்க மற்ற காலை அழுத்தினால் அதுவும் இறங்கியது. அதற்குள் காயாக் பத்தடி தள்ளிப் போயிருந்தது. ஆள் இல்லாத காயாக் காற்றில் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். நீந்திப் பிடித்துவிடலாம் என்று இருபது வீச்சு போட்டேன். இடைவெளி கூடியதே தவிரக் குறையவில்லை. என் ஜாக்கெட்டையும் போனையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு அது மேற்கே போய்க்கொண்டே இருந்தது. கத்தினேன். எதிர்க்காற்றில் குரல் ஐம்பதடி கூடப் போகவில்லை.

நண்டு வலை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் யதேச்சையாகத் திரும்பிப் பார்த்ததால் இதை எழுதுகிறேன். அவர் முதலில் என்னைத் தேடி வரவில்லை; ஆளில்லாத காயாக் மிதப்பதைப் பார்த்துத்தான் வந்தார். என்னைக் கரையில் இறக்கும்போது உள்ளங்காலில் சிப்பி கிழித்து ரத்தம் ஓடியது. சேற்றில் இருந்தபோது எனக்கு அது தெரியவே இல்லை. டிடி ஊசி, ஆறு தையல், மூன்று வாரம் நொண்டல்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்று. தண்ணீரில் விழுந்த பிறகு உடம்பில் கட்டியிருப்பது மட்டும்தான் நம்முடையது. படகில் இருப்பதெல்லாம் படகினுடையது.

அதனால் ஜாக்கெட், விசில், போன், காலணி நான்கும் உடம்பில் இருக்க வேண்டும். ஜாக்கெட் போட்டுக் கிளிப்பை மாட்டிய பிறகுதான் படகில் ஏற வேண்டும். கரையேறிய பிறகுதான் கழற்ற வேண்டும்.

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்துகள். நாளை மறுநாள் காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போய் ஆரம்பிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அன்றைக்குக் கடற்கரைப் பக்கமும் படகுத்துறையிலும் இருக்கும் கூட்டத்தில் உங்கள் மீது ஒருவருக்கும் கண் இருக்காது. கற்றுக்கொள்ள வார நாள், காலை ஆறரை மணி.

18 ஜனவரி

எங்கே போவது என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது.

ஆரம்பத்துக்கு முட்டுக்காடு, கோவளம் உப்பங்கழிதான். அலை இல்லை, கரை கண்ணுக்குத் தெரியும், வாடகைக்கும் கிடைக்கும். கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்ததைப் படித்துவிட்டு அங்கே கடலில் நேராக இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சான்றிதழ் கடற்கரையின் சுத்தம், வசதி, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கானது. அலை உடையும் இடத்தைப் படகில் தாண்டுவது தனி வித்தை. அதை அங்கே அலைச்சறுக்கு சொல்லித்தரும் பையன்களிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

அடையாற்றில் போட் கிளப்காரர்கள் துடுப்புப் போடுகிறார்களே, நாமும் போகலாமே என்கிறார் ஒருவர். மெட்ராஸ் போட் கிளப் 1867-இலிருந்து இருக்கிறது, அவர்கள் செய்வது ரோயிங். முதுகு காட்டி உட்கார்ந்து பின்பக்கமாகப் போவார்கள், சட்டென்று கவிழாதபடி பழகியவர்கள். நம்மைப் போல வாரா வாரம் விழுந்து எழுகிறவர்களுக்கு அடையாறும் கூவமும் ஆகாது. வாயில் ஒரு மடக்கு போனாலே போதும், வயிறு ஒரு வாரத்துக்குப் போய்விடும். காலில் வெட்டு இருந்தால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு.

எண்ணூர் கழிமுகத்தை நினைத்தால் மனசு கனக்கிறது. என் மாமா சின்ன வயதில் கொசஸ்தலை ஆற்றில் இறால் தடவிய கதைகளைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தண்ணீர் மேல் ஆசை வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது அங்கே படகெல்லாம் கறுப்பாக நின்றதைப் போய்ப் பார்த்தேன். அங்கே துடுப்புப் போட எனக்கு மனம் வரவில்லை.

பழவேற்காடு அழகு, ஆனால் பெரிய ஏரி. காற்று எழுந்தால் ஒதுங்க இடம் இல்லாத விரிவு. அது இரண்டாவது வருடத்துக்கு.

19 ஜனவரி

பழைய ஜாக்கெட்டில் இன்னும் மிதக்கும் சக்தி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டி டிரம்மில் விட்டுப் பாருங்கள், ஐந்து கிலோ தாங்கினால் நல்ல ஜாக்கெட் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

அது தப்பு. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. அந்தக் கேனை நூலில் கட்டி விட்டாலும் நூல் தாங்கும். ஜாக்கெட்டின் ஃபோம் செத்தே போயிருந்தாலும் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

இரும்பு வேண்டும். உடற்பயிற்சிக்கு வைத்திருக்கும் வார்ப்பு இரும்பு டம்பெல் போதும். 5 கிலோ இரும்பு தண்ணீருக்குள் சுமார் 4.3 கிலோவாக இருக்கும், 7.5 கிலோ இரும்பு சுமார் ஆறரை கிலோவாக இருக்கும். 50 நியூட்டன் என்று போட்டிருக்கும் ஜாக்கெட் ஐந்து கிலோவைத் தாங்க வேண்டும், அதனால் 5 கிலோ டம்பெல்லோடு மிதக்க வேண்டும். 70 நியூட்டன் ஜாக்கெட் 7.5 கிலோ டம்பெல்லோடு மிதக்க வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் அடைத்த டம்பெல் கணக்கில் வராது, அது தண்ணீரில் இன்னும் நிறைய எடை இழக்கும்.

மெட்ரோ வாட்டர் லாரிக்காக வைத்திருக்கிற நீல டிரம்மை நிரப்பி, வீட்டிலிருக்கும் நான்கு ஜாக்கெட்டையும் இன்று போட்டுப் பார்த்தேன். மூன்று தேறின. 2020-இல் வாங்கிய 70 நியூட்டன் ஜாக்கெட் 7.5-ஐ விடுங்கள், 5 கிலோவோடு அப்படியே கீழே போய் டிரம்மின் அடியில் உட்கார்ந்துவிட்டது. அதைத்தான் விருந்தாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் என் தங்கை மகன் போட்டிருந்தது அதுதான். டிரம் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் இப்போது தெரிகிறது. கரையில் அதையே மெத்தையாகப் போட்டு உட்காருவோம். வருடக்கணக்கில் நசுங்கி நசுங்கி ஃபோம் மெலிந்துவிட்டது. மொட்டை மாடிக் கொடியில் வெயிலில் காய்ந்து துணியும் வெளுத்துவிட்டது. அலசிவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள், மேலே உட்காராதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை டிரம்மில் விடுங்கள்.

அந்த ஜாக்கெட்டைக் கத்தரியால் வெட்டிப் போட்டேன். குப்பையில் முழுசாகப் போட்டால் வேறு யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

20 ஜனவரி

"எல்லோருக்கும் 70 போதும்" என்று 11-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். வேளச்சேரிக்காரரின் மனைவிக்கு நீச்சல் தெரியாது என்பதைப் படித்துவிட்டே அப்படி எழுதியிருக்கிறேன். தவறு என்னுடையது.

இந்த எண்களின் பொருள் இது. 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு. மயங்கிக் குப்புறக் கிடந்தால் அது உங்களைத் திருப்பிப் போடாது. 100 என்பது அமைதியான நீர்நிலைக்கு. கழுத்துப் பட்டையோடு வரும், முகத்தை மேலே திருப்புவதற்காகச் செய்தது. 150 திறந்த கடலுக்கு. துடுப்புப் போடுகிறவர்கள் பரவலாகப் போடும் அமெரிக்க வகையில் 15.5 பவுண்டு என்று எழுதியிருக்கும், அதுதான் நான் சொன்ன 70.

எழுபது கிலோ ஆளை ஏழு கிலோ எப்படித் தாங்கும் என்று கேட்கிறார்கள். உடம்பின் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிவிடும். தலையும் வாயும் மேலே நிற்க, பெரியவர் ஒருவருக்குக் கூடுதலாக மூன்று முதல் ஐந்து கிலோ இருந்தால் போதும்.

நீந்தத் தெரியாதவருக்கு 100 வாங்குங்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு: முன்பக்கம் கனமாக இருக்கும், கழுத்தை உரசும், துடுப்புப் போடும்போது கையில் இடிக்கும். இடிக்கிறதே என்று ஸ்ட்ராப்பைத் தளர்த்துவார்கள், அங்கேதான் ஆபத்து. அவர் முன் இருக்கையில் உட்காரட்டும். பின்னால் இருந்து நீங்கள் செலுத்துங்கள்.

20 ஜனவரி, இரவு

ஒரு வாசகி எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். "ரவிக்கை ஜாக்கெட்டுக்கு டெய்லரிடம் மூணு தடவை போய் அளவு சரி பண்றோம், உயிர் காக்கிற ஜாக்கெட்டை மட்டும் கண்ணை மூடிக்கிட்டு வாங்குறோம்." அவர் சொல்லும் இன்னொன்றும் முக்கியம். முன்பக்கம் பலகை மாதிரி ஒரே ஃபோமாக இருக்கும் ஜாக்கெட் பெண்களுக்கு மார்பில் படியாமல் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். முன்பக்க ஃபோம் துண்டு துண்டாக மடிகிற வகை சரியாக உட்காரும். என் மனைவியிடம் கேட்டேன். ஐந்து வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

29 ஜனவரி

இன்று தை அமாவாசை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், அதனால் பலரும் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் உப்பங்கழி முழுக்கப் பரந்து கிடக்கும் தண்ணீர் வற்றுவதற்குக் குறுகலான முகத்துவாரம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பாலத்துக்குக் கீழேயும் முகத்துவாரத்திலும் இழுப்பு அப்போதுதான் தெரியும். மழை முடிந்த இந்த மாதங்களில் முகத்துவாரம் மற்ற மாதங்களைவிட அகலமாகத் திறந்திருக்கும்.

தண்ணீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரப் பக்கம் போகாதீர்கள். பாதுகாப்பான தூரம் என்று நீங்கள் நினைக்கிற இடத்திலிருந்தே அது இழுக்க ஆரம்பித்திருக்கும். அப்படி இழுத்தால் நேராக எதிர்த்துப் போடாமல் குறுக்காகக் கரையை நோக்கிப் போடுங்கள்.

பொதுவான வழக்கம்: போகும்போது காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்துப் போங்கள். கை ஓய்ந்து திரும்பும்போது அவை உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். காற்று ஒரு பக்கம், ஓட்டம் இன்னொரு பக்கம் இருந்தால் எது பலம் என்று பத்து நிமிடம் துடுப்பை நிறுத்தி மிதந்து பாருங்கள்.

2 பிப்ரவரி

படகுதான் காற்றோடு போய்விடுகிறதே, காலில் கயிறு கட்டிப் படகோடு இணைத்துக்கொண்டால் என்ன? நல்ல கேள்வி. 2019-க்குப் பிறகு நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

தேங்கிய தண்ணீரில் சரி. ஓடும் தண்ணீரில் கூடவே கூடாது. பாலத்தூண், நட்டு வைத்த கம்பு, மீன்வலை எதிலாவது கயிறு ஒரு சுற்று சுற்றினால் ஓட்டம் படகை ஒரு பக்கமும் உங்களை இன்னொரு பக்கமும் இழுக்கும். தலை தண்ணீருக்குள் போய்விடும். நம் உப்பங்கழியில் வலைக் கம்புகள் இல்லாத இடமே குறைவு. அதனால் துடுப்பை மட்டும் படகோடு சின்னக் கயிற்றில் கட்டுங்கள். உங்களை எதோடும் கட்டாதீர்கள். கவிழ்ந்ததும் முதலில் ஒரு கை படகைப் பிடிக்க வேண்டும். இது பழகினால் வரும், அடுத்து எழுதுகிறேன்.

காலி பிளாஸ்டிக் பாட்டில்களை முதுகில் கட்டிக்கொள்வது, தெர்மோகோல் பலகை: இரண்டும் வேண்டாம். நழுவும், அல்லது முதுகுப் பக்கம் மேலே தூக்கி முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தும்.

9 பிப்ரவரி

வேளச்சேரிக்காரர் மகளுக்கு ஜாக்கெட் வாங்கிவிட்டார். படம் அனுப்பியிருந்தார், சந்தோஷமாக இருந்தது. ஒன்றே ஒன்று: கால்களுக்கு நடுவே வரும் ஸ்ட்ராப் அதில் இல்லை. குழந்தைக்கு இடுப்பு இல்லை, ஜாக்கெட் நேராகத் தலை வழியே உருவி வந்துவிடும். மாற்றிக்கொள்ளுங்கள். எடையைப் பார்த்து வாங்குங்கள், வயதைப் பார்த்து வேண்டாம். அடுத்த வருடமும் ஆகும் என்று பெரிதாக எடுப்பது பள்ளிச் சீருடைக்குச் சரி.

விசில் உள்ளே உருண்டை இல்லாத வகையாக இருக்கட்டும், நனைந்தாலும் ஊதும். தோள்பட்டையில் கட்டுங்கள். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

10 பிப்ரவரி

விசிலை வீட்டில் பழக்க வேண்டாம் என்று மேல்மாடிக்காரர் சார்பில் வேளச்சேரிக்காரர் கேட்டுக்கொள்கிறார். சரி, மொட்டை மாடியில்.

23 பிப்ரவரி

நேற்று அவர்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு போனேன். போன வாரமே அவர்கள் குடியிருப்பு நீச்சல் குளத்தில் ஜாக்கெட்டோடு ஒரு மணி நேரம் மிதந்து பழகியிருந்தார்கள். இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். நீச்சல் தெரியாதவருக்கு ஜாக்கெட் மட்டும் போதாது, ஜாக்கெட் தன்னைத் தாங்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும். அது இல்லையென்றால் விழுந்ததும் பக்கத்தில் இருப்பவரின் கழுத்தைப் பிடிப்பார்கள். குளத்தில் மல்லாந்து, காதில் தண்ணீர் போக, கையைக் காலை உதறாமல் பத்து நிமிடம் கிடக்கப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அவர் மனைவி அன்றைக்கே அதில் கணவரைவிடத் தெளிவாக இருந்தாராம்.

முட்டுக்காட்டில் முதல் அரை மணி நேரம் துடுப்பையே தொடவில்லை. விழுவதுதான் பாடம். மேலே உட்காரும் வகைக் காயாக்கில் உடம்பு உள்ளே சிக்காது, அதனால் ஆரம்பத்துக்கு அதுவே நல்லது. கவிழ்ந்தால்:

படகைப் பிடி. குப்புறக் கிடந்தால் அடிப்பக்கம் குறுக்கே கை நீட்டி எதிர் விளிம்பைப் பிடித்து உன் பக்கம் இழு, புரண்டுவிடும். பிறகு இருக்கைக்கு நேராக வந்து, காலை நீருக்கு மேலே வரும் வரை உதைத்து, மீன் மாதிரி வயிற்றைப் படகின் குறுக்கே போடு. தொங்கியபடி ஏற முயன்றால் படகு உன் மேலேயே கவிழும். படுத்தபடி ஏற வேண்டும். முதலில் வயிறு, பிறகு புரண்டு இடுப்பு, கடைசியில் கால். இன்னொரு படகுக்காரர் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டால் பாதி சிரமம்.

ஒன்பது வயதுப் பெண் இரண்டாவது தடவையிலேயே ஏறிவிட்டாள். அவள் அப்பாவுக்கு ஏழாவது தடவை. அம்மா நாலாவது தடவையில் ஏறி உட்கார்ந்து, கலைந்த பின்னலை முடிந்துகொண்டே "இன்னொரு வாட்டி விழலாமா?" என்று கேட்டார். நான் பழக்கியவர்களில் இப்படிக் கேட்டவர் இவர்தான்.

துடுப்பு பற்றி இரண்டு வரி. அகலமான வாடகைக் காயாக்குகளுக்கு 230 செ.மீ. நீளம் சரியாக இருக்கும். கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி இழுங்கள், தோள்வலி வராது. மீதி தானாக வரும்.

காற்றடிக்கிற காயாக் பற்றி இப்போது அவரே முடிவு சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்தில் அவர் ரப்பர் செருப்பில் சிப்பி இரண்டு கீறல் போட்டிருந்தது. அதைக் காட்டி, "இது படகா இருந்திருந்தா?" என்றார்.

9 மார்ச்

இன்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த கோவளத்துப் பெரியவர் ஒருவர் என் காயாக்கைத் தட்டிப் பார்த்தார். அடியில் இருக்கும் ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர் ஏறினால் இதன் வழியாகத் தானாக இறங்கிவிடும் என்று விளக்கினேன். "அதான் தெரியுதே தம்பி, நம்ம மரம் மாதிரி" என்றார்.

மரம் என்றால் கட்டுமரம். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதில் அலை ஏறும், இடுக்கு வழியே இறங்கும். உள்ளே தண்ணீர் தேங்க உள் என்று ஒன்றே கிடையாது. கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப் போட்டு மேலே ஏறிக்கொள்ளலாம். நான் கவிழ்ந்து ஏறுவதைச் சொன்னதும், பத்து வயதில் அவர் அப்பா அலைக்கு நடுவே தன்னைத் தள்ளிவிட்டு இதையேதான் பழக்கினார் என்றார். காயாக் என்ற சொல் பனிக்கடலில் சீல் தோலில் படகு கட்டிய இனுயிட் மக்களுடையது. நாம் ஏறுகிற இந்தத் திறந்த வகையின் சூத்திரமோ கோவளத்து மணலில் காலங்காலமாகக் கிடந்திருக்கிறது.

பெரியவர் சொன்ன இன்னொன்றுதான் இந்த இழைக்கு முக்கியம். அவர்கள் விடியலில் கரைக்காற்று தள்ள வெளியே போவார்கள், உச்சிப்பொழுதில் கடற்காற்று எழுந்ததும் பாய் விரித்துத் திரும்புவார்கள். "மேகாத்து அடிக்கும்போது கரையோரம் கடல் தட்டையா கெடக்கும். தட்டையா இருக்குதேன்னு போவாத. அது உன்னைக் கூட்டிக்கினு போவும், கொண்டாந்து விடாது."

எனக்கு முதுகு சில்லிட்டது. நானே எத்தனை முறை அந்தத் தட்டையான கடலைப் பார்த்து "அருமையான நாள்" என்று நினைத்திருக்கிறேன்! மேகாத்து என்றால் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிப்பது. கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் அந்தக் காற்றில் கரையோரம் அலை எழாது. தள்ளிப் போகப் போகத்தான் தெரியும், அப்போது திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. அவர்களிடம் பாய் இருந்தது, கடற்காற்று வரும் வரை காத்திருக்கும் உடம்பு இருந்தது. நம்மிடம் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கிறது.

13 ஏப்ரல்

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடல் காலியாக இருக்கும், நிம்மதியாகப் போகலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காலியான கடலில் விசிலைக் கேட்க ஆளும் குறைவு. அதோடு தென்மேற்குப் பருவம் தொடங்கும் மாதங்களில் காலைநேர மேல்காற்று பலமாகும். பெரியவர் சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

வெயிலுக்குக் காற்று நிரப்பும் ஜாக்கெட் போடலாமா? குப்பியிலிருந்து வாயு நிரம்புகிற வகையைத் தொடங்குகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நீந்தத் தெரியாதவர்களுக்கும் நான் சொல்ல மாட்டேன். குப்பியைச் சரிபார்த்துப் பராமரிக்க வேண்டும், விழுந்த பதற்றத்தில் இழுக்கவும் தெரிய வேண்டும். முதுகின் கீழ்ப்பாதி வலைத்துணியாக இருக்கும் ஃபோம் ஜாக்கெட் வாங்குங்கள். கிளம்பும் முன் அதை நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை, நாடா வைத்த தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஜீன்ஸ் வேண்டாம். நம் ஊரில் குளிர் நம்மைக் கொல்லாது, வெயில் செய்யும். தலைவலி தொடங்கினால் உடனே கரை.

போனை உறைக்குள் போட்டு ஜாக்கெட்டின் பையில் வையுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். "கவலைப்படாத, வந்துடுவேன்" என்பது தகவல் இல்லை.

திருக்கை குத்தியது பற்றிக் கேட்டவருக்கு: பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் காலை வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆழமற்ற இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் மண்ணை உரசியபடி நடந்தால் அது விலகிப் போய்விடும்.

25 மே

நேற்று ஆறரை மணிக்கு இறங்குவதாக இருந்தோம். வேளச்சேரிக்காரர் குடும்பம், இந்த இழையைப் படித்து வந்த இன்னும் மூன்று பேர், நான். கரையில் போய் நின்றால் தண்ணீர் தட்டையாக, பளபளவென்று கிடந்தது. வேளச்சேரிக்காரர் மகள் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி மெல்ல விட்டாள். மணல் கிழக்கே பறந்தது.

"அங்கிள், மேகாத்து" என்றாள்.

கடல் பக்கம் போகாமல் பாலத்துக்கு இந்தப் பக்கமே, கரையை ஒட்டி முக்கால் மணி நேரம் போட்டுவிட்டுத் திரும்பி இட்லி சாப்பிடப் போனோம்.

என் 7.5 கிலோ டம்பெல்லைச் சோதனைக்கு வாங்கிப்போன அண்ணா நகர் நண்பர் திருப்பித் தரும்போது பள்ளிக்கரணை வழியாக வரவும். இங்கே இன்னும் இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.